அம்மா வருவதற்குள் ஒரு சின்னக் கதவு

விஜயநகர் 2வது ஸ்டேஜ்,
மைசூரு.
6.9.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. குறுவை அறுப்பு ஆரம்பித்துவிட்டது என்று அத்தான் போனில் சொன்னார். மழை பிடிப்பதற்குள் நெல் வீடு வந்து சேர வேண்டும் என்று அம்மா விளக்கேற்றும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறாள்.

அம்மா மன்னார்குடிக்கு வருவது உறுதியாகிவிட்டது. தசரா ஜம்பு சவாரியைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவாளாம். அது அக்டோபர் 2ஆம் தேதி. அதற்கடுத்த ஓரிரு நாளில் காரில் கூட்டிக்கொண்டு வந்து விடுகிறேன். சித்திரை வரை உன்னோடுதான். சுந்தரியும் மணியும் கூடவே வருகிறார்கள். பூனையையும் நாயையும் விட்டுவிட்டு அம்மா எங்கேயும் நிம்மதியாக இருக்க மாட்டாள் என்பது உனக்குத் தெரியும். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அளவு, திசை, வேலையின் வரிசை எல்லாம் இதில் வருவதால் போனில் சொன்னால் நிற்காது. இந்தத் தாளை அப்படியே ஆசாரி கையில் கொடுத்துவிடலாம்.

அம்மா வருவதற்குள் உன் வீட்டுப் பின்பக்கம் அவை இரண்டும் தாமாகப் போய்வர ஒரு சின்னக் கதவு வைத்துவிடு, அக்கா. கடையில் பெட் டோர் என்று கேட்டால் கொடுப்பார்கள்.

இங்கே அதை வைத்த காரணத்தைச் சொல்கிறேன். அம்மாவின் முழங்கால் உனக்குத் தெரிந்ததுதான். பகல் முழுக்க அவள் எழுந்து எழுந்து உட்கார்ந்துகொண்டிருந்தாள். மணி வெளியே போகவேண்டும் என்று கதவருகில் நின்று முனகும். திறந்துவிட்டு அம்மா நாற்காலிக்குத் திரும்புவதற்குள் சுந்தரி வெளியிலிருந்து சுரண்டும். நாங்கள் இருவரும் வேலைக்குப் போன பிறகு வீட்டில் இருப்பது அவள் ஒருத்திதான். மழை நாளில் நனைந்த பாதங்களோடு அவை உள்ளே வந்ததும் தரை ஈரமாகும். அந்த ஈரத்தில் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். கால் வலியை விடக் கீழே விழுவதுதான் ஆபத்து, இந்த வயதில் இடுப்பு எலும்பு முறிந்தால் எழுந்து நடமாட வெகுநாள் ஆகும் என்று எலும்பு டாக்டர் தெளிவாகச் சொன்னார். சாயங்காலமானால் இன்னொரு தொல்லை. சுந்தரி வரும்வரை கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்பாள். கொசு முழுவதும் உள்ளே வரும். சின்னக் கதவு வந்தபின் இத்தனையும் நின்றது. மத்தியானம் அம்மா ஒரே மூச்சாக ஒரு மணி நேரம் தூங்குகிறாள். எனக்கு அதுவே போதும்.

கதவில் ஓட்டை போடுவதா என்று அத்தான் தயங்குவார். நியாயம்தான். வாசல் தேக்குக் கதவைத் தொடவே வேண்டாம். ஆனால் இது நேற்று வந்த நாகரிகமும் இல்லை என்று அவரிடம் சொல். தானியம் சேர்த்துவைத்த இடமெல்லாம் எலி வரும், எலி வரும் இடத்துக்குப் பூனை போய்வர வழி வேண்டும். இங்கிலாந்தில் எக்ஸிடர் பேராலயத்தில் பழைய வானியல் கடிகாரத்துக்குக் கீழே இருக்கும் மரக்கதவில் பூனைக்கென்று வட்டமாக வெட்டிய துளை இன்றும் இருக்கிறது. அது சுமார் 400 வருஷத்துக்கு முந்தியது. அதற்கும் முன்னால், 1305 முதல் 1467 வரையிலான அந்தப் பேராலயத்தின் கணக்கில் எலி பிடிக்கும் பூனைக்கென்று காசு ஒதுக்கிப் பற்று எழுதியிருக்கிறார்கள். பத்தாயம் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்த அத்தானுக்கு இதன் நியாயம் உடனே புரியும்.

இனி முக்கியமான விஷயம். எங்கள் வீட்டில் எந்தப் பக்கம் வைத்தோமோ அதே பக்கம் நீ வைத்துவிடாதே. இங்கே ஆனி, ஆடியில் குடகு மலைப் பக்கமிருந்து மேல்காற்று ஓயாமல் அடிக்கும். அதோடு தூறல் சாய்வாக வரும். அதனால் மேற்குப் பார்த்த கதவை விட்டுவிட்டு, கிழக்கே பாத்திரம் கழுவும் இடத்துக் கதவில் வைத்தோம். உங்கள் ஊரில் நிலைமை நேர்மாறு. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும்; புயல் வந்தாலும் முதல் அடி பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். 2018 நவம்பர் 16ஆம் தேதி விடியுமுன் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்ததே, அன்று உன் வடக்குக் கதவின் அடியில் தண்ணீர் புகுந்து நீ சாக்கை வைத்து அடைத்ததாகச் சொன்னாய். அந்தக் கதவு வேண்டாம். தெற்கே வேலைக்கட்டுக் கதவு இருக்கிறது. மேலே சன்ஷேடும் இருக்கிறது. அதுதான் இடம். சன்ஷேட் ஒரு முழம்தான் நீண்டிருக்கிறது என்றால் தகர ஷீட் ஒன்றை இன்னும் ஒரு முழம் நீட்டி அடிக்கச் சொல். எவ்வளவு நல்ல கதவானாலும் நேராக மழை அடித்தால் கசியும். முதலில் மழை அதன்மேல் விழாமல் பார்க்க வேண்டும். ரப்பரும் காந்தமும் அதற்குப் பிறகுதான்.

அடுத்தது உயரம். கொல்லையில் அடைமழைக்குத் தண்ணீர் எவ்வளவு தேங்கும் என்று சுவரில் கறை காட்டும். சின்னக் கதவின் கீழ் விளிம்பு அந்தக் கறைக்கு நன்றாக மேலே இருக்க வேண்டும். ஆனால் மணிக்கு வயதாகிவிட்டது, உயரமாகத் தாண்டச் சொன்னால் முதுகு வலிக்கும். உள்தரையிலிருந்து 10 செ.மீ. என்றால் இரண்டுக்கும் தோது. உன் வீட்டில் வெளித்தரை ஒரு படி தாழ்வு. உள்ளேயிருந்து 10 செ.மீ. என்றால் வெளியிலிருந்து அது 25 செ.மீ. ஆகிவிடும். அதனால் வெளியே கதவை ஒட்டிக் கடப்பாக்கல் துண்டு ஒன்றைப் படியாகப் போடச் சொல். வழவழப்பான டைல்ஸ் வேண்டாம், ஈரத்தில் வழுக்கும்.

இரண்டுக்கும் அளவு எடுத்துவிட்டேன். மணிக்கு நெஞ்சின் அகலமான இடத்தில், முடியை அமுக்கிப் பிடித்து அளந்தால் 16 செ.மீ. தரையிலிருந்து தோள்பட்டை உச்சி 28 செ.மீ. சுந்தரி இதற்குள் அடங்கிவிடுவாள். பெரிய விலங்கின் அளவுக்கு ஏற்றபடி எடுத்து, இரண்டு பக்கமும் கொஞ்சம் இடம் விட வேண்டும்; ரொம்பவும் விடக்கூடாது. கீழ் விளிம்பு தரையிலிருந்து 10 செ.மீ. மேலே இருப்பதால், உள்ளளவு 20 செ.மீ. அகலம், 24 செ.மீ. உயரம் உள்ளதாக வாங்கு. அதைவிடப் பெரிதானால் தெரு நாய் தலையை விடும், காற்றும் அதிகம் புகும்.

வாங்கும்போது தகட்டைக் கையில் எடுத்துப் பார். கீழ் விளிம்பில் நக அளவில் ஒரு காந்தம், அதற்கு நேராகச் சட்டத்தில் இன்னொன்று இருக்கும். சுற்றிலும் பல் துலக்கும் பிரஷ் போல் நைலான் முடி வரிசை. சுந்தரி நெற்றியால் தள்ளும்போது தகடு மேலேறும். முடி அவள் காதையும் முதுகையும் வழித்துக்கொண்டு போகும். வால் நுனி தாண்டியதும் தகடு இரண்டு ஆட்டம் ஆடி ‘டக்’ என்று காந்தத்தில் உட்காரும். அந்தச் சத்தம் கேட்டால்தான் மூடியதாக அர்த்தம். காந்தத்தில் இரும்புத் தூள் ஒட்டிக்கொண்டால் சரியாக உட்காராது, மாதம் ஒருமுறை துணியால் துடைத்துவிடு. முடிந்தால் இரட்டைத் தகடு உள்ளதை வாங்கு. நடுவில் காற்று அடைபட்டு நிற்பதால் சாரல் உள்ளே வருவது குறையும், பங்குனி வெயிலின் அனலும் குறையும்.

பூட்டும் நான்கு நிலையுள்ளதாக இருக்கட்டும்: இரு வழியும் திறந்தது, உள்ளே வர மட்டும், வெளியே போக மட்டும், முழுப் பூட்டு. தெருப்பூனைகள் உள்ளே வந்து சோற்றைத் தின்னும் தொல்லை அங்கே அதிகம் என்றால் மைக்ரோசிப் படிக்கும் கதவும் கிடைக்கிறது. அரிசி அளவுள்ள சிப்பைக் கால்நடை மருத்துவர் தோள்களுக்கு நடுவே தோலுக்கடியில் ஊசியால் வைத்துவிடுவார். அதில் 15 இலக்க எண் ஒன்று இருக்கும். அந்த எண்ணுள்ள பூனைக்கு மட்டும் தாழ் விடும். பேட்டரியில் ஓடுவதால் கரண்ட் போனாலும் கவலையில்லை. விலைதான் கூடுதல். நாங்கள் சாதாரணக் காந்தக் கதவே வைத்தோம். சோற்றுத் தட்டை உள்ளறைக்கு மாற்றியதும் தெருப்பூனை வரத்து நின்றுவிட்டது.

ஆசாரியிடம் சொல்ல வேண்டியது இதுதான். கதவைக் கீல் கழற்றிப் படுக்கவைத்து வெட்டினால் கோடு சுத்தமாக வரும். கடையில் கொடுக்கும் காகித அச்சைக் கதவில் ஒட்டி, கோட்டின்மேல் மாஸ்கிங் டேப் ஒட்ட வேண்டும். இல்லையென்றால் மேல் பிளை சிம்பு சிம்பாகப் பெயரும். நான்கு மூலையிலும் டிரில்லில் துளை போட்டு, அதற்குள் ஜிக்சா பிளேடை விட்டு நேராக அறுக்க வேண்டும். உன் வேலைக்கட்டுக் கதவு ஃப்ளஷ் கதவு. வெட்டிய விளிம்பில் உள் மரம் திறந்து கிடக்கும். அது ஈரத்தை உறிஞ்சினால் ஒரே மழைக்காலத்தில் உப்பிவிடும். அதனால் சட்டத்தை மாட்டுவதற்கு முன்னால் வெட்டுவாய் முழுக்கப் பிரைமர், அதன்மேல் இரண்டு கோட் பெயிண்ட் அடித்துக் காயவிட வேண்டும். இதில் மட்டும் அவசரப்பட விடாதே, அக்கா. பக்கத்தில் நின்று பார்த்துக்கொள். பிறகு வெளிச்சட்டத்தின் மேல் பக்கமும் இரு பக்கமும் சிலிகான் வைத்து அடைக்கட்டும். கீழே மட்டும் நடுவில் ஒரு விரல் அளவு விட்டுவிட வேண்டும். தப்பித்தவறி உள்ளே போன நீர் அந்த வழியாக வெளியேறும்.

திருட்டுப் பயமும் இருக்கும் உனக்கு. 20 செ.மீ. அகலத்தில் ஆள் நுழைய முடியாது. ஆனால் கையை விட்டுத் தாழ்ப்பாளைத் தொட முடியும். அதனால் சின்னக் கதவைக் கீல் இருக்கும் பக்கம் கீழே வைத்து, தாழ்ப்பாளைக் கதவின் உச்சிக்கு மாற்றிவிடச் சொல்.

இப்போது பாம்பு விஷயம். இதை நான் லேசாகச் சொல்ல மாட்டேன். உங்கள் பக்கம் வயலில் தண்ணீர் நிறைந்ததும் வரப்பு வளையிலிருக்கும் எலி மேட்டுக்கு வரும், அதன் பின்னால் பாம்பும் வரும். கட்டுவிரியன் இரவில்தான் நடமாடும். தரையில் படுத்திருப்பவரைத் தூக்கத்திலேயே கடித்துவிடும், வலிகூடப் பெரிதாகத் தெரியாது. காந்தத் தகடு பாம்பையோ எலியையோ தடுக்கும் என்று நம்பி இருக்கக்கூடாது. அதற்காகத்தான் இந்தக் கதவோடு ஓர் அடைப்புப் பலகை தருகிறார்கள். இரவில் அதைச் சொருகிப் பூட்டியே ஆக வேண்டும். அதோடு இன்னொன்று: வேலைக்கட்டுக்கும் சமையலறைக்கும் நடுவில் இருக்கும் கதவை ராத்திரி சாத்திவிடு. அப்போது இரண்டு தடுப்பு ஆகிறது. சுந்தரி எதையாவது பிடித்து வாயில் கவ்விக்கொண்டு வந்தாலும் வேலைக்கட்டோடு நின்றுவிடும். அம்மா தரையில் படுக்கிறேன் என்று அடம்பிடிப்பாள், விடாதே. கட்டிலும் கொசுவலையும் ஏற்பாடு செய்துவை.

இரவுப் பூட்டுக்கு இங்கே இன்னொரு காரணமும் உண்டு. சென்ற டிசம்பர் 31ஆம் தேதி ஹெப்பாளில் இன்ஃபோசிஸ் வளாகத்துக்குள் சிறுத்தை தென்பட்டது. ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லிவிட்டு வனத்துறையினர் தேடினார்கள். விஜயநகருக்கு அடுத்த பகுதிதான் அது. மகாராஷ்டிரத்தில் அகோலே பகுதி சிறுத்தைகளின் எச்சத்தை ஆராய்ந்து 2014இல் வெளிவந்த ஆய்வொன்று, அவற்றின் உணவில் எடைக்கணக்கில் 39 சதவீதம் வீட்டு நாய்களும் தெரு நாய்களும்தான் என்று சொல்கிறது. அடுத்த இடம் பூனைக்கு. இதெல்லாம் மைசூர்ப் பக்கம்தானே என்று நினைக்காதே. 2024 ஏப்ரலில் மயிலாடுதுறை டவுனிலேயே சிறுத்தை நடமாடியது உனக்கு நினைவிருக்கும். அப்படி ஒன்று தினமும் வராதுதான். தெரு நாய்க்கூட்டம் தினமும் வரும். இருட்டிய பிறகு அவை இரண்டும் வீட்டுக்குள் இருப்பதே அவற்றுக்குப் பாதுகாப்பு.

எங்கள் வழக்கம் இது. பொழுது சாயும்போது பூட்டை ‘உள்ளே வர மட்டும்’ என்ற நிலைக்குத் திருப்பிவிடுவோம். விளக்கு வைத்ததும் சோறு வைப்போம். அந்த நேரத்துக்குச் சுந்தரி எங்கிருந்தாலும் வந்துவிடுவாள். இரண்டும் உள்ளே வந்ததைக் கண்ணால் பார்த்தபின் பலகையைச் சொருகுவோம். வேலைக்கட்டு மூலையில் மணல் தட்டு இருக்கும், ராத்திரித் தேவைக்கு அது போதும். காலையில் யார் முதலில் எழுகிறார்களோ அவர் பலகையை எடுப்பார். இந்தப் பொறுப்பைக் குனிய முடியாத அம்மாவிடம் விடாதே. பெரியவனிடம் கொடு, அவனுக்குப் பிராணிகள்மேல் பிரியம். கதவு வைப்பது ஒருநாள் வேலை; இந்தப் பூட்டுத்தான் தினசரி வேலை. அதை யார் செய்வது என்று முடிவு செய்துவிட்டு ஆசாரியைக் கூப்பிடு.

புது இடம் என்பதால் வந்த உடனே இரண்டையும் வெளியே விடவேண்டாம். முதல் இரண்டு வாரமாவது வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். மணியைக் கயிற்றோடு கூட்டிப்போ. உடனே வெளியே விட்டால் சுந்தரி மைசூரைத் தேடிக் கிளம்பிவிடுவாள். தகட்டின் பழக்கம் இரண்டுக்கும் இருக்கிறது, ஆனாலும் புதுத் தகடு வேறு வாசனை அடிக்கும். முதலில் தகட்டை மேலே தூக்கி டேப்பால் ஒட்டிவிடு. வேலைக்கட்டில் பெரிய கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, துளைக்கு அந்தப் பக்கம் நீ உட்கார்ந்து கருவாட்டுத் துண்டு காட்டினால் வந்துவிடும். பிறகு பாதி இறக்கு, பிறகு முழுதும். எக்காரணம் கொண்டும் பிடித்துத் தள்ளக்கூடாது. ஒருமுறை பயந்தால் அந்தக் கதவுப் பக்கமே போகாது. சிலிகான் வாடை போகச் சில நாள் ஆகும். அதற்காகவும்தான் இந்த மாதமே வேலையை முடித்துவிடச் சொல்கிறேன்.

அக்டோபர் 20ஆம் தேதி தீபாவளி. முதல் நாளிலிருந்தே முழுப் பூட்டு போட்டுவிடு. வெடிச் சத்தத்தில் மணி நடுங்கும். வழி திறந்திருந்தால் ஓடிவிடும், புது ஊரில் திரும்பி வரத் தெரியாது. நடு அறையில் ஜன்னலைச் சாத்தி, அம்மா பக்கத்தில் அதைப் படுக்கவைத்தால் போதும்.

இரண்டுக்கும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியை இந்த மாதமே போட்டுவிடுகிறேன், அட்டையையும் கொண்டுவருகிறேன். வெளியே போய்வரும் பிராணிக்கு அது வருஷம் தவறக்கூடாது. சுந்தரிக்குக் கருத்தடை முன்பே செய்தாகிவிட்டது.

அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. உனக்குச் செலவு வைக்கிறோமே என்று வருத்தப்படுவாள். பெட் டோர் நான் வாங்கி அனுப்பட்டுமா, அங்கேயே தஞ்சாவூரில் பார்க்கிறாயா என்று மட்டும் எழுது, அல்லது போன் செய். எப்படியானாலும் பணம் என்னுடையது. இதில் அத்தான் மறுக்கக்கூடாது. இத்தனை வருஷம் அம்மாவை நான் வைத்துக்கொண்டேன் என்று நீ சொல்லும்போதெல்லாம் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. எங்களை வைத்துக்கொண்டிருந்தவள் அவள்தான். இனி ஆறு மாதம் அந்தப் பாக்கியம் உனக்கு. அவள் நாற்காலியை விட்டு எழுவது அவள் விரும்பும்போது மட்டும்தான் இருக்க வேண்டும். அதற்கு வேண்டியதை நாம் இருவரும் முன்கூட்டியே செய்துவிடுவோம்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு அன்பு முத்தங்கள். அளவுகளில் சந்தேகம் இருந்தால் ஆசாரியையே என்னோடு பேசச் சொல். ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
உன் அன்புத் தம்பி